ஒரே அலைவரிசையில் செல்வியும் கதிரேசனும்

ராமேசுவரத்தில் இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, பூர்வீகம் எந்த ஊர் என்பதுதான். கிள்ளான் என்றேன். அது மலேசியாவில் இருக்கிறது, அதற்கு முன்னால்? தெரியாது என்று சொன்னால் யாரும் விடுவதாயில்லை. ஆட்டோ ஓட்டும் சிக்கந்தர் என் மூக்கைப் பார்த்துவிட்டுப் பரமக்குடிப் பக்கம் என்று தீர்ப்புச் சொன்னார். லாட்ஜ் மேனேஜர் திருவாடானை என்றார். இரண்டு நாளைக்குள் ஆளுக்கொரு ஊரை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் வேரைத் தேடி வரவில்லை, இரண்டு இரும்புப் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்க வந்திருக்கிறேன் என்பதை நம்பத்தான் ஆளில்லை.

பெட்டி என்றால் வயர்லெஸ் பெட்டி. இங்கே படகுகளில் இருக்கும் செட்டில் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டு பேச்சும் போச்சு. பினாங்கில் எங்கள் கம்பெனி செய்த பெட்டியில் பொத்தானே கிடையாது. ஒரே அலைவரிசையில் பேசிக்கொண்டே கேட்கலாம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பெட்டிக்குப் பெரிய எதிரி அதன் சொந்தக் குரல்தான். பக்கத்திலேயே தான் போடுகிற கூச்சலில், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் அதன் காதில் விழாது. அதனால் தான் என்ன பேசினோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, காதுக்கு வருவதிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் இருப்பது அடுத்தவர் குரல். ஏழு வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்தக் கழித்தல் கணக்கு.

இதைச் செல்விக்குச் சொல்லிப் பார்த்தேன். செல்வி எனக்குச் சமைத்துப் போட ஐஸ் கம்பெனிக்காரர் ஏற்பாடு செய்திருந்த பெண். அந்த ஐஸ் கம்பெனியின் மொட்டை மாடியில்தான் என் ஏரியல் கம்பமும் பெட்டியும் நின்றன. எதிரே படகுகள் வந்து நிற்கும் ஜெட்டி, அதற்கப்பால் கடல். செல்விக்கு ஏழு மாதம். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து, நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "குழாயடிச் சண்டை பாத்ததில்லையாக்கா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கத்துவோம். அவ சொன்ன ஒவ்வொண்ணுக்கும் பதிலும் சொல்லுவோம்" என்றாள். எங்கள் கம்பெனியின் விளக்கப் புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக எழுதவில்லை.

சண்டையில் அவளுக்குப் பயிற்சி உண்டு. அவள் கணவன் கதிரேசன், அத்தை மகன். உத்தரகோசமங்கைப் பக்கம் மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். மழை பொய்த்துவிட்டதால் இரண்டு பேரும் கடலோரம் வந்திருந்தார்கள். கதிரேசன் சேசு அண்ணன் என்பவரின் நாட்டுப்படகில் ஆளாகப் போகிறான். ஆனால் அவனுக்கு மனசு அங்கே இல்லை. வடக்கே செங்கல் சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார். போனால் ஒரு பருவம் முடியும் வரை வர முடியாது. பிள்ளை பிறக்கும்போது நீ இங்கேதான் இருக்க வேண்டும் என்று செல்வி சொல்வாள். சூளைக்குப் போனால்தான் பிழைப்பு என்று அவன் சொல்வான். இதை இருவரும் ஒரே நேரத்தில் சொல்வார்கள். அடுத்த வாரம் மேஸ்திரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் அவனிடம் தனியாக, கடலில் என்ன குறை என்று கேட்டேன். "மண்ணு மிதிச்ச காலு மேடம். தண்ணி மேல நிக்கமாட்டேங்குது. அவகிட்டச் சொல்லிராதிய" என்றான். நீச்சல் தெரியாதாம்.

எங்கள் பெட்டியைச் சாதாரண ஆட்கள் பேசிப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனியின் உத்தரவு. சத்தமாக, நிறுத்தாமல், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசக்கூடிய ஆட்களாக இருந்தால் நல்லது. இந்தத் தம்பதியை விட்டு நான் எங்கே போய்த் தேடுவது?

புதன்கிழமை காலை ஜெட்டிக்கு வந்தபோது கடல் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. இந்தப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்கிறார்கள். அலை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. பங்குனி வெயிலில் தண்ணீரும் வானமும் ஒரே நிறம். எங்கோ ஒரு நாரை நிற்கிறது, அது நிற்பது தண்ணீரிலா காற்றிலா என்று சொல்ல முடியாது. கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு, காதுக்குள் யாரோ பஞ்சு வைத்ததுபோல இருந்தது. அரை மணி நேரம் வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

கதிரேசனையும் இரண்டாவது பெட்டியையும் சிக்கந்தர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கரையோரமாக ஓலைக்குடா வரை போனார். வழியில் ஒரு ஆட்டுக்கு வழிவிட்டுச் சக்கரம் மணலில் புதைந்தது. மாடியில் செல்வி மைக்கைப் பிடித்தாள். பெட்டி தன் கூச்சலைக் கற்றுக்கொண்டு அழகாகக் கழித்தது. அவள் பேசும்போதே அவன் பேச்சு ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது. ஆட்டோவைத் தள்ளிய கதையை அவன் சொல்ல, அரிசி வாங்காத கதையை அவள் சொல்ல, இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் போய்வந்தன. நான் கம்பெனிக்கு வெற்றி என்று செய்தி அனுப்பினேன். அன்று மதியம் செல்வி வைத்த கருவாட்டுக் குழம்பில் முண்டு வத்தல் கொஞ்சம் கூடிவிட்டது. கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டேன். சந்தோஷமும் கலந்திருக்கலாம்.

வியாழக்கிழமை கதிரேசன் பெட்டியோடு கடலுக்குப் போனான். செல்வி மைக்கில் "மச்சான்" என்றாள். அவ்வளவுதான். அவள் குரலே திரும்பி வந்தது, அது மறுபடி மைக்கில் ஏறியது, மாடி முழுவதும் ஊளைச் சத்தம். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார்கள். நான் திருகாத குமிழ் இல்லை. கதிரேசன் ஏதோ பேசுகிறான் என்பது மட்டும் தெரிந்தது. ஊளைக்கு அடியில் ஒரு முனகலாக அவன் கிடந்தான். செல்வி ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சேசு அண்ணன் பழைய செட்டில் பொத்தானை அழுத்தி, எல்லாரும் சுகம், திரும்பி வருகிறோம் என்றார். செல்வி என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள். அன்று சாயங்காலம் மேஸ்திரி வந்திருந்ததாகச் சிக்கந்தர் சொன்னார்.

இரவு சாலையோரக் கடையில் புரோட்டாவும் சால்னாவும். எங்கள் ஊர் ரொட்டி சானாயை மெல்லிசாக வீசி மடிப்பார்கள், இங்கே அடித்து நொறுக்குகிறார்கள். எனக்கும் எதையாவது அடித்து நொறுக்க வேண்டும்போல இருந்ததால் அன்று இதுதான் பொருத்தமாக இருந்தது. புதன்கிழமை வேலை செய்த பெட்டிக்கு வியாழக்கிழமை என்ன வந்தது?

வெள்ளிக்கிழமை பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போனோம். கோளாறு பெட்டியிலா இடத்திலா என்று பார்க்க வேறு வழி தெரியவில்லை. மணலில் போகும் வேன் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். டிரைவர் மட்டும் இறங்கவில்லை, வேனுக்குத் துணையாக உள்ளே இருந்தார். முனையில் ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் முரட்டு ஆண்கடல். நடுவில் ஒரு மணல் நாக்கு. இடிந்த சுவர்களுக்குள் காற்று புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அங்கே நின்றால் நாம் எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்பதே மெல்ல நழுவிவிடுகிறது. கிள்ளானில் என் வீட்டு மாதத் தவணைகூட யாரோ வேறொருத்தியுடையது என்று தோன்றியது. ஒரு மீனவப் பெண் சுட்ட மீனை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, என் பூர்வீகம் கீழக்கரை என்றாள்.

முனைக்கு வந்ததும் பெட்டி சமர்த்தாகிவிட்டது. ஊளை இல்லை, முனகல் இல்லை. சிக்கந்தர் மணலில் வெகுதூரம் நடந்து போய் அவர் மனைவியின் சமையலைப் பற்றிக் குறை சொன்னது, மைக்கில் நான் கத்திக்கொண்டிருக்கும்போதே தெளிவாகக் கேட்டது. பெட்டியில் பழுதில்லை. அப்படியென்றால் ஜெட்டியில் ஏதோ இருக்கிறது. என்ன அது என்று யோசித்துக்கொண்டே வேனைத் தள்ளினேன்.

விடை சனிக்கிழமை காலை தானாகவே கிளம்பிப் போனது. மாடியில் பெட்டியை ஓடவிட்டு, திரையில், கழித்தபின் மிஞ்சும் இரைச்சலைக் காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே விசைப்படகுகள் ஒவ்வொன்றாக இன்ஜினைக் கிளப்பிப் புறப்பட்டன. ஒரு படகு போனால் கோடு கொஞ்சம் இறங்குகிறது. இன்னொன்று போனால் இன்னும் கொஞ்சம். கடைசிப் படகும் போய்க் கடல் வெறுமையானபோது, திரையில் கோடு புதன்கிழமை இருந்த இடத்தில் படுத்துக் கிடந்தது.

சிக்கந்தரைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவருக்கு இது கேட்கவே வேண்டாத சங்கதி. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளின் முறை, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளின் முறை. வலையை வலை அறுக்காமல் இருக்க அவர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். மறுநாள் காலை திரும்பி வந்து ஜெட்டிக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும், நூற்றுக்கணக்கில். நாங்கள் எப்போது சோதிக்கலாம் என்று கேட்டபோது மீனவர் சங்கத்துக்காரர்கள் திங்களும் புதனும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியூரிலிருந்து பொம்பளைப் பிள்ளை வருது, ஜெட்டி காலியாக இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்ற நல்ல எண்ணம். விருந்தாளிக்கு வீட்டைப் பெருக்கி வைப்பதுபோலக் கடலைப் பெருக்கி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். காலியான கடலில் என் பெட்டி தன் குரலைக் கற்றுக்கொண்டது. மறுநாள் அத்தனை படகுகளும் வந்து நின்று அந்தக் குரலைத் திருப்பித் திருப்பி எறிந்தன. காற்று மாறினால் நங்கூரத்தைச் சுற்றிப் படகுகள் திரும்புகின்றன, எறிகிற விதமும் மாறுகிறது. நாட்டுப்படகு கடலில் இருக்கும் நாளெல்லாம் விசைப்படகு கரையில் நிற்கும். ஆக, கதிரேசன் போன்றவர்களுக்கு எப்போது வேண்டுமோ சரியாக அப்போதுதான் என் பெட்டி ஊளையிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து பெட்டியின் புரோகிராமை மாற்றினேன். இனி அது ஒரு தடவை கற்றுக்கொண்டு சும்மா இருக்காது. பேசப் பேச, படகு திரும்பத் திரும்ப, கற்றுக்கொண்டே இருக்கும். இதில் ஓர் ஆபத்து உண்டு. பெட்டி கற்றுக்கொள்ளும்போது எதிரிலிருந்தும் குரல் வந்தால் அதற்குக் குழப்பம் வரும். எது தன் எதிரொலி, எது அடுத்தவர் பேச்சு என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து அழித்துவிடும். ஒரே நேரத்தில் இருவரும் பேச வேண்டுமென்றால், முதலில் ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை விசைப்படகுகள் வந்து நிறைந்துவிட்டன. ஜெட்டியில் நின்றால் கடலே தெரியவில்லை, வர்ணம் அடித்த பலகைகள்தான். செல்வி வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. மேஸ்திரி நாளைக் காலை வருகிறாராம். கதிரேசன் விடியற்காலையிலேயே பெட்டியோடு கடலுக்குப் போய்விட்டான். இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

முதல் முயற்சி பாழ். அவள் ஆரம்பித்ததும் அவனும் ஆரம்பித்தான். பெட்டி திணறி, அவன் குரலை வழித்துத் துடைத்துவிட்டது. ஊளை இல்லை, ஆனால் அவனும் இல்லை. பழைய செட்டில் சேசு அண்ணனைக் கூப்பிட்டு, செல்வி சொல்லும் வரை கதிரேசன் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் படகில் எல்லாரும் சிரிப்பது கேட்டது. செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு திகைத்தாள். குறுக்கே பேசாத புருஷனிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையில் உளுந்தங்கஞ்சி வைத்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள். திரையில் இரைச்சல் கோடு மெதுவாக இறங்க ஆரம்பித்தது. நிறுத்தாதே என்று கையைக் காட்டினேன். காற்று திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே படகுகள் எல்லாம் சேர்ந்து, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, மெல்ல மூக்கைத் திருப்பின. கோடு கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மச்சான், மொதப் புள்ளைக்கு நீ சூளையில இருந்த. புள்ள கண்ணு முழிச்சுச்சு, ஒரு பகலு இருந்துச்சு, போயிருச்சு. நீ வந்து சேரையில மண்ணு காஞ்சு போச்சு. ஒம் மேல கோவம்னு நீ நெனைக்கிற. கோவமில்ல. அது ஒன்ன மாதிரியே நெத்தி வச்சிருந்துச்சு. அதச் சொல்றதுக்கு எனக்கு ஆளில்ல. ஒங்கிட்டச் சொல்லணும்னு வாயெடுக்கும்போதெல்லாம் நீயும் பேச ஆரம்பிச்சுருவ. இந்தத் தடவ என்னால தனியா முடியாது. எனக்குப் பயமா இருக்கு."

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் கோடு எனக்குக் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. அது அடியில் போய்ப் படுத்து வெகுநேரமாகியிருந்தது. ஸ்பீக்கரில் படகின் மேல் தண்ணீர் தட்டும் ஓசை மட்டும் வந்தது. அது அவன் படகு என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பெட்டி அவனை அழிக்கவில்லை. அவன்தான் பேசாமல் இருக்கிறான். செல்வியின் தோளைத் தொட்டு, போதும், இனி அவர் பேசலாம் என்றேன்.

"இப்பப் பேசு மச்சான்" என்றாள்.

சொல்லிவிட்டு, அவளும் நிறுத்தவில்லை. "ஒனக்குக் கடலு ஒத்துக்கிறலன்னு எனக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் நீ வாந்தியெடுக்குறது சேசண்ணன் சொல்லாமலா இருக்கும்? நீ சூளைக்கே போ. நான் எப்புடியாச்சும் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவள் பேச்சின் மேலேயே அவன் பேச்சு வந்தது. ஒரு சொல் குறையவில்லை. "நான் எங்கயும் போகல புள்ள. மேஸ்திரிய வர வேணாம்னு சொல்லிரு. கடலோ காடோ, இங்கனயே கெடக்கேன். ஒம் பக்கத்துலயே இருக்கேன்."

இருவரும் சட்டென்று நின்றார்கள். பழைய செட்டாக இருந்தால் இரண்டு பொத்தானும் ஒன்றாக அழுந்தியிருக்கும். அவள் விட்டுக்கொடுத்தது அவனுக்கும், அவன் விட்டுக்கொடுத்தது அவளுக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கேட்டுச்சா என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கேட்டுச்சு என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.